வாள்வீரர் வீட்டைக் காலி செய்தபோது

வீடு காலி செய்து பழைய சாமான் வாங்கி விற்கும் தொழிலில் சாமான் தூக்குவது சுகம். சாமான்காரரைச் சமாளிப்பதுதான் நாரி எலும்பை முறிக்கும். லண்டனில் விலை பேசிப் பிழைக்கும் சகபாவிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு வீடு வாய்த்திருக்கும்.

மருமகனின் யோசனை

நோர்பரியில் ஒரு வரிசை வீடு. தொண்ணூறு தாண்டிய ரொனால்ட் என்ற வெள்ளைக்காரரை முதியோரைப் பார்க்கும் கெயார் ஹோமுக்கு அனுப்பிவிட்டு வீட்டை விற்கப் போகிறான் அவருடைய தங்கை மகன். மாடி அறையில் கம்பிவலை முகமூடி, பழுப்பேறிய வெள்ளைச் சட்டை, ஒரு வாள். இளவயதில் போட்டிகளில் வாள் வீசியவராம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகக் கேட்டேன். மருமகன் உடனே தலையாட்டிவிட்டான். கிழவர் மட்டும் வாளை மடியில் வைத்துக்கொண்டு, இது என்னோடு ஹோமுக்கு வரும் என்றார். மருமகன் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னான்:

"மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வார். அப்போது எடுத்துக்கொண்டு போங்கள்."

சம்பளமில்லாத வீரம்

நான் பேரக்காரன், கள்ளன் இல்லை. நான் கத்திய கத்தில் அவன் தெருவுக்கே போய்விட்டான். கிழவர் ஒன்றும் நடக்காதது போலத் தேத்தண்ணி ஊற்றித் தந்து, தன் கதையைச் சொன்னார்.

பஸ் டிப்போவில் வேலை, பின்னேரம் வாள்வீச்சு. அமெச்சூர் என்றால் கையில் ஒன்றும் கிடைக்காது. போட்டிக்குப் போனால் அன்றைய சம்பளமும் போச்சு. கூட வீசியவர்கள் டாக்டர், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள். போட்டி முடிந்தால் அவர்கள் ஒரு பக்கம், இவர் பஸ் தரிப்பிடம்.

அவர் வீசிய வாளுக்கு அப்போது பட்டவுடன் எரியும் மின்சார விளக்கெல்லாம் கிடையாது. பட்டதா இல்லையா என்று நடுவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். அவர்கள் தவறவிட்டால் பட்டவனே சொல்லிவிடுவது மரியாதை. வெளிநாடு போகும் அணிக்கான தெரிவுப் போட்டி, கடைசிப் புள்ளி. எதிராளியின் வாள் இவர் தோளில் பட்டதை ஒருவரும் காணவில்லை. இவர் கையை உயர்த்திச் சொல்லிவிட்டார். மற்றவர் வெளிநாடு போனார். இவர் அடுத்த நாள் டிப்போவுக்குப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் ஐயா வாயைத் திறந்தீர் என்று கேட்டேன்.

"பட்டது எனக்குத்தானே. நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?"

ஹோமில் ஒரு பேரம்

வாளோடு அவரை நானே என் வான் வண்டியில் ஏற்றிப் போனேன். ஹோம் மனேஜர் சுகந்தி எங்கள் ஊர்ப் பிள்ளை. ஆயுதம் உள்ளே வரக்கூடாது என்றா. விடுவேனா? கூர் இல்லை என்று விரலால் தடவிக் காட்டினேன். நுனியில் ரப்பர் போடுறன், சுவரில் திருகாணி போட்டு இறுக்கிறன், படம் மாதிரித் தொங்கட்டும் என்றேன். கடைசியில் பிள்ளை இளகிவிட்டா. ரொனால்டிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டா: சுவரிலிருந்து கழற்ற மாட்டீர்கள்தானே?

அவவுக்குப் பின்னால் நின்று, மாட்டேன் என்று சொல்லும் மனுசா என்று நான் தலையைப் போட்டு ஆட்டுகிறேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு காலையும் கழற்றுவேன், இல்லாவிட்டால் கை மறந்துவிடும் என்றார்.

சுகந்தி என்னைப் பார்த்தா.

"அண்ணை, நான் ஓம் எண்டு சொல்லத்தான் நிண்டனான். இனி ஏலாது."

பொய்யர்களோடு பேரம் பேசி எத்தனையோ முறை வென்ற நான், பொய் சொல்லத் தெரியாத ஒருவருக்காகப் பேரம் பேசி, ஹோமும் ஏற்காத, விற்கவும் மனம் வராத வாளொன்றைக் கராஜில் பூட்டி வைத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் கண்ட லாபம்.