முக்காட்டு ஹாப் பிறந்த வீடு

ஹவீஸ் மரத்தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டு, அடியில் ஒட்டியிருந்த பார்லிச் சக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மது காய்ச்சுகிறவளுக்குத் தொட்டி கழுவுவதுதான் பெரிய வேலை. மற்றதை அடுப்பும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். பழைய சக்கை கொஞ்சம் தங்கினாலும் அடுத்துக் காய்ச்சுவது புளித்துவிடும். பார்ன்ஸ்டேல் காட்டோரத்து ஆட்கள் எதைப் பொறுத்தாலும் புளித்த மதுவைப் பொறுக்க மாட்டார்கள்.

"அடியே, தலையை வெளியே எடு" என்று எம்மட்டின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு இடையன் பெண்டாட்டி. "நீதிபதிங்க யார்க்குக்கு வந்துட்டாங்களாம். நம்ம ஊருக்காகச் சத்தியம் பண்ணிச் சொல்ற பன்னெண்டு பேரும் நாளைக்கு விடிஞ்சதும் கிளம்பறாங்க. மடத்து வண்டியைக் கொள்ளையடிச்சதைத்தான் முதல்ல கேப்பாங்கன்னு தர்ஸ்டன் சொன்னாரு."

ஹவீஸ் தலையை வெளியே எடுத்தாள். கையிலிருந்த துடைப்பம் தொட்டிக்குள்ளேயே விழுந்தது.

மடத்து வண்டியைப் பற்றி அந்த ஊரில் அவளைவிட அதிகம் தெரிந்தவர்கள் யாருமில்லை. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

டான்காஸ்டர் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் அவள். புருஷன் ஹியூ மரம் வெட்டப் போன இடத்தில் மரத்துக்கே பலியானான். இரண்டு பெண் குழந்தைகளையும் இந்தத் தொட்டியையும் வைத்துக்கொண்டு அவள் காலத்தை ஓட்டினாள். போன பனிக்காலத்தில் தானியமே இல்லை. காய்ச்சுவது இருக்கட்டும், தின்னவே இல்லை. சின்னவள் அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள். மடத்து வண்டிகள் மட்டும் மூட்டை மூட்டையாகப் பார்லியை ஏற்றிக்கொண்டு பெருஞ்சாலையில் போய்க்கொண்டே இருந்தன. ஒரு விடியலில் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு மூட்டை இருந்தது. முக்காடு போட்ட ஒருவன் இன்னொரு மூட்டையை இடது தோளில் சுமந்து அடுத்த வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். அவன் திரும்பினான். கொழுந்தன் எலியாஸ்.

"உள்ளே எடுத்து வைங்க அண்ணி. பனி இறங்குது" என்றான். அவ்வளவுதான்.

வசந்தம் வந்ததும் அவன் பழையபடி ஏர் ஓட்டினான், வேலி கட்டினான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் சட்டைக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். அவன் கோப்பையை மட்டும் விளிம்பு வழிய ஊற்றினாள்.

இப்போது பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். எலியாஸ் என்று சொன்னால் தூக்கு.

பன்னிருவருக்குத் தலைவர் தர்ஸ்டன். பொய் சத்தியம் அவரால் ஆகாது. தன் மாடு பக்கத்து வயலை மேய்ந்ததைத் தானே சபையில் போய்ச் சொன்ன மனுஷர். அவர் காலில் விழுந்தாலும் பயனில்லை என்று ஹவீஸுக்குத் தெரியும். ஆனால் வேறொன்றும் தெரியும். அந்தப் பன்னிரண்டு பேர் எதையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. இன்னார் செய்தார் என்று நாட்டில் என்ன பேச்சோ, அதைச் சொல்லத்தான் சத்தியம். நாட்டுப் பேச்சு எங்கே பேசப்படுகிறது? அவள் வீட்டில்தான்.

எலியாஸை மேட்டு நிலத்துக்கு, ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்க அனுப்பினாள். முன்பே காய்ச்சி நிலவறைக் குளிர்ச்சியில் வைத்திருந்த மதுவைத் திறந்தாள். மது தயார் என்று ஊருக்குக் காட்ட, தழை கட்டிய கம்பை வாசலுக்கு மேலே நீட்டினாள். நண்பகலுக்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"மடத்து வண்டியை மறிச்சது யாரு தெரியுமில்ல?" என்று ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். "முக்காட்டு ஹாப்."

அப்படி ஒருவன் இருந்தது நிஜம். அவர்களுடைய அப்பாக்கள் காலத்தில் யார்க் சபை கூப்பிட்டும் போகாமல் ஓடிப்போனவன். சபையின் ஆட்கள் வந்து அவன் சட்டி பானை வரை அள்ளிக்கொண்டு போனார்கள். அவன் மட்டும் சிக்கவில்லை. முக்காடு போட்டிருப்பான் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

"அவனுக்கு இப்ப எண்பது வயசு இருக்குமேடி!" என்றாள் எம்மட்.

"காட்டுக் காத்து உடம்புக்கு நல்லது" என்றார் கரி சுடும் கிழவர் சிவர்ட். "நாட்டுல இருக்கிற நமக்குத்தான் நாற்பதுல இடுப்பு போகுது."

சிரிப்பு எழுந்தது. அப்புறம் பேச்சு தானாகவே கிளைவிட்டது. வண்டியில் இருந்த துறவியைப் பார்த்து, 'சாமி, இன்னிக்கு உங்களுக்கு விரதமாச்சே, சுமை எதுக்கு?' என்று ஹாப் கேட்டானாம். ஒருவர் தன் கதையில் துறவியை நடக்கவிட்டார். இன்னொருவர் அவரை வெறுங்காலோடு நடக்கவிட்டார். மூன்றாமவர் மனமிரங்கி அவருக்குச் செருப்பைத் திருப்பிக் கொடுத்தார். மூலையில் தர்ஸ்டன் வந்து உட்கார்ந்திருந்தார். குடித்ததைவிட அதிகம் கேட்டார்.

ஹவீஸுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. சொல்லச் சொல்ல அவள் கண்ணில் நின்றது அந்தப் பனி விடியல்தான். "அவன் வில்லைத் தூக்கினா தப்பாது. இடது கையால நாணை இழுத்தான்னா..."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் இடது கையால் நாண் இழுப்பவன் ஒருவன்தான், எலியாஸ். அது குழந்தைக்கும் தெரியும். தர்ஸ்டன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா உனக்கு?" என்று சிவர்ட் கிழவர் அதட்டினார். "அரைகுறையா கேட்டுட்டு வந்து கதை விடறா. ஹாப்புக்கு வலதும் ஒண்ணு, இடதும் ஒண்ணு. பொழுது போகலைன்னா கையை மாத்தி மாத்தி எய்வான். எங்கப்பா பார்த்திருக்காரு."

"என் மாமியார்கூடச் சொல்லுவாங்க" என்றாள் எம்மட். அவள் மாமியார் எம்மட் வருவதற்கு முன்பே செத்துப்போனவள்.

"ரெண்டு கைதான்!" "ரெண்டு கைதான், சந்தேகமென்ன!" என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஹவீஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அன்றைக்கு எத்தனை வாசலில் மூட்டை இறங்கியது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்காமலே எல்லோருக்கும் இன்னொரு கோப்பை ஊற்றினாள்.

"இது நாட்டுல பேசிக்கிறதுதானா?" என்று தர்ஸ்டன் நிதானமாகக் கேட்டார்.

"இதைத் தவிர வேற பேச்சே இல்லை, அண்ணே" என்றார்கள்.

பின்னாளில் அவளுக்கு வயதாகி, எலியாஸ் பேரப்பிள்ளைகளைத் தோளில் சுமந்த காலத்தில், ஊர் ஊராகப் போகும் பாட்டுக்காரர்கள் ஹாப்பைப் பற்றிப் பாடிக்கொண்டு வருவார்கள். அவன் கூட்டாளிகள், கொம்பூதும் சத்தம், அவள் கேள்விப்படாத என்னென்னவோ அதில் இருக்கும். ரெண்டு கை மட்டும் அப்படியே இருக்கும். அவர்கள் குடித்த மதுவுக்கு அவள் காசு வாங்கியதேயில்லை.

அது பிறகு. யார்க் போனவர்கள் திரும்பும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தர்ஸ்டன் வந்த சாயங்காலம் அவள் மறுபடி தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அவர் புழுதிக் காலோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். அவள் ஊற்றி வைத்தாள்.

"ஹாப்புன்னு சொன்னோம். எழுதிக்கிட்டாங்க" என்றார். "தெற்குப் பக்கத்துக்காரங்களும் ஏதோ ராஜா மானை வேட்டையாடின விவகாரத்துக்கு அதே பேரைச் சொல்லியிருக்காங்க. நீதிபதிக்கே சிரிப்பு. 'கிழவனுக்குக் கால் நல்லா இருக்கு'ன்னாரு."

ஹவீஸ் ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, பனிக்காலத்துல உங்க வீட்டம்மா பிள்ளை பெத்துப் படுத்திருந்தப்போ நான் கஞ்சி கொண்டுவந்தேன். ரெண்டு பேரும் பிழைச்சாங்க. அது எங்கேயிருந்து வந்த பார்லின்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

தர்ஸ்டன் மீதியைக் குடித்தார். தாடியைப் புறங்கையால் துடைத்தார். "நாட்டுல என்ன பேச்சுன்னுதான் கேட்டாங்க, எனக்கு என்ன தெரியும்னு யாரும் கேக்கலை" என்று கோப்பையைப் பலகைமேல் மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். பிறகு எழுந்து, தாழ்ந்த நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, வெளியே போனார்.