கூட்டாமல் விட்ட மூலை

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு காலை, வெள்ளவத்தையிலிருந்து பறவை பார்க்கும் குழுவோடு பூங்காவுக்குப் போயிருந்தேன். எல்லோரும் தேடியது ஆறுமணிக்குருவியை. அது தென்படவில்லை. எரிச்சலில், ஒரு மூலையில் சருகு குவிந்து கிடப்பதாகப் பூங்கா மேற்பார்வையாளரிடம் நான்தான் முறையிட்டேன். அவர் கூட்டும் பெண்ணை எங்கள் முன்னாலேயே சிங்களத்தில் ஏசினார்.

அவர் போனதும் அவள் என்னிடம் தமிழில் சொன்னாள்.

"ஆறுமணிக்குருவி அந்தச் சருகைக் கிளறித்தான் புழு தின்னுது, மிஸ். அதுக்காகத்தான் கூட்டாம விட்டனான்."

ஓடிப்போய் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கலாம். குழுவின் முன்னால் என் பிழையை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, அவர்களோடு அடுத்த பாதைக்கு நடந்தேன்.

அடுத்த ஞாயிறு அந்த மூலையில் ஒரு சருகுகூட இல்லை. குருவியும் இல்லை.

"இப்ப வடிவா இருக்குதா, மிஸ்?" என்று கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பைனாகுலரைத் தூக்கி ஒரு வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.