மூன்றாவது வரிக்குப் போதாத காற்று

லிஃப்ட்காரரை அந்த நகரத்தில் பாதிப் பேருக்குக் குரலாகத்தான் தெரியும். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு, இருட்டில் வியர்த்து, செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கதவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: "பதறாதீங்க, வந்துட்டேன். பையில பிஸ்கட் இருந்தா பிரிச்சுச் சாப்பிட்டுகிட்டு இருங்க." அந்தக் குரல்தான் அவர். ஒருமுறை ஒரு கணவனும் மனைவியும் அப்படி மாட்டிக்கொண்டு, அவர் கதவை நெம்பித் திறப்பதற்குள் பழைய சண்டையெல்லாம் தீர்ந்து, "இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுத் திறங்களேன்" என்று கேட்டுக்கொண்டார்களாம். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதி ஒரு குடும்பத்துக்குப் போதும்.

இளம் வயதில் கப்பிக்கு மசகு போடும் எடுபிடியாகச் சேர்ந்தவர். இடது கைச் சுண்டுவிரலின் நுனியை அந்தக் கப்பிகளில் ஒன்று எடுத்துக்கொண்டது. போனது போகட்டும் என்று மற்ற விரல்களை வைத்துக்கொண்டு மெக்கானிக் ஆனார், கல்யாணம் செய்துகொண்டார், மகளைப் படிக்க வைத்து வேறு ஊருக்கு அனுப்பினார். ஐம்பது தாண்டிய பிறகுதான் மெலோடியன் வந்தது.

கொண்டுவந்தது மச்சான். கப்பலில் சமையல்காரர். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, வாசிக்கத் தெரியாமல், அக்கா வீட்டு பீரோவின் மேல் வைத்துவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த மனைவி ஒரு காலையில் சொன்னாள்:

"என்னங்க, ஒண்ணு அதை வாசிங்க, இல்லேன்னா என் தம்பிகிட்டயே திருப்பிக் குடுங்க. பீரோ மேல அது உக்காந்து பாக்கறதைப் பாத்தா, உங்கம்மா திரும்பி வந்துட்ட மாதிரியே இருக்கு."

மெலோடியன் என்பது ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். தோளில் மாட்டி மார்போடு அணைத்து, நடுவிலிருக்கும் மடிப்புத் துருத்தியை இழுத்தும் அமுக்கியும் வாசிக்க வேண்டும். வலது கைக்குப் பத்துப் பொத்தான். அதில்தான் அதன் குறும்பு இருக்கிறது. ஒரே பொத்தான் அமுக்கும்போது ஒரு சுரம் சொல்லும், இழுக்கும்போது வேறு சுரம் சொல்லும். ச, க, ப மூன்றும் அமுக்கினால்தான் வரும். ரி, ம, த, நி நான்கும் இழுத்தால்தான். மேலே போகிறவரையும் கீழே போகிறவரையும் ஒரே பொத்தானில் சமாளிக்கும் தொழிலில் இருந்தவருக்கு இது சட்டென்று பிடிபட்டது. இடது கைக்கு அதில் வேலை குறைவு என்பதால் சுண்டுவிரலும் தப்பித்தது. பெரிய கட்டடங்களின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் இருக்கும் அறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பழகினார். அந்தச் சத்தம் லிஃப்ட் குழாய் வழியே இறங்கி ஒவ்வொரு மாடியிலும் கேட்டதும், ஆறாம் மாடிக் கணக்கர் தன் நாற்காலியில் ஆடத் தொடங்கியதும் அவருக்கு வெகுநாள் தெரியாது.

அவர்கள் குடும்பத்தில் பரம்பரைச் சொத்து என்று இருந்தது ஒரு பாட்டுதான். முன்னோர்கள் ஆற்றங்கரையில் நடந்தபடியே சரக்குப் படகைக் கயிறு கட்டி இழுத்தவர்கள். இழுக்கும்போது பாடியது. நான்கே வரி. படகே, தூங்கிவிட்டாயா, நான் இழுப்பது தெரியவில்லையா என்று விசாரிப்பதைத் தவிர அதில் தத்துவம் ஒன்றும் கிடையாது. ஆனால் மூன்றாவது வரி இருக்கிறதே, அதை வரி என்பது நெடுஞ்சாலையைச் சந்து என்பது போல. ஆற்று வளைவில் நின்றால் படகு பின்னால் போய்விடும் என்பதால், வளைவு முடியும்வரை வரியும் முடியாது. அதை ஒரே மூச்சில் பாட வேண்டும்.

குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மணப்பெண் உள்ளே நடந்து வரும்போது அப்பா அதைப் பாடுவார். மூன்றாவது வரி தொடங்கியதும் உறவுக்கூட்டம் மொத்தமும் தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு கல்யாணத்தில் அப்பா இழுத்த இழுப்பில் சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது என்பார் சித்தப்பா. அது முதல்நாளே நின்றுபோன கடிகாரம் என்று சித்தி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பாவுக்குப் பிறகு பொறுப்பு அண்ணனுக்கு வந்தது. அவர் காய்கறி மண்டியில் ஏலக்காரர். அவர் தக்காளிக்கு விலை சொன்னால் அடுத்த ஊர் மண்டியில் விலை இறங்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அவரும் ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்த வரியை ஒரே மூச்சில் முடித்து, முகம் கத்திரிக்காய் நிறமாகி, ஒரு நாற்காலியைத் தேடுவார்.

இந்த நிலையில்தான் தங்கைக்குக் கல்யாணம் முடிவானது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். வயது நாற்பத்தாறு. வேண்டாம் வேண்டாம் என்று இருந்தவளிடம், உடைந்த கண்ணாடியைச் சரிசெய்ய வந்த கட்டில் கடைக்காரர் ஒருவர், சரியான கண்ணாடியையும் உடைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வந்து சம்மதம் வாங்கிவிட்டார். அண்ணன்மாரிடம் அவள் நகை கேட்கவில்லை, பட்டுக் கேட்கவில்லை.

"எல்லார் கல்யாணத்துலயும் ஓரமா நின்னு அந்தப் பாட்டைக் கேட்டாச்சு," என்றாள். "என் கல்யாணத்துல நடந்துகிட்டே கேக்கணும். அது போதும். அது இல்லேன்னா நான் பாட்டுக்குப் பின்வாசல் வழியா வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவேன்."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். சின்னண்ணனான லிஃப்ட்காரருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பின்வாசல் என்றால் அவள் பின்வாசலில்தான் வருவாள், அப்படிப்பட்ட பெண்.

அடுத்த வாரமே பெரியவருக்கு, அந்த ஏலக்கார அண்ணனுக்கு, தொண்டை போய்விட்டது. கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து காற்றாகப் பேசினார்.

"உன் பெட்டியில வாசிச்சிடு. ஆனா மூணாவது வரி ஒரே மூச்சு. அப்பா மானம்."

லிஃப்ட்காரர் மோட்டார் அறைக்குப் போய் உட்கார்ந்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி இன்னும் நன்றாக வந்தது. மூன்றாவது வரியில் கோளாறு தெரிந்தது. அந்த வரி முழுக்க ரி, ம, த, நி என்றே சுற்றி வந்தது. அத்தனையும் இழுக்கும் சுரம். துருத்தியை இழுத்தார், இழுத்தார், இரண்டு கையும் சிலுவைபோல் விரிந்துவிட்டன. வளைவில் பாதி தூரம் பாக்கி இருக்கும்போதே துருத்தி முழுக்கத் திறந்து, காற்று தீர்ந்து, பெட்டி ஒரு முனகலோடு வாயை மூடிக்கொண்டது. வேகமாக வாசித்தால் படகு ஓடியது. யாரும் இழுக்கிற மாதிரி இல்லை. மெதுவாக வாசித்தால் பாதிகூட வரவில்லை.

வேறு வழியின்றி வரியின் நடுவில், சுரம் கீழே இறங்கும் ஓரிடத்தில், ஒரு 'ச' சேர்த்தார். 'ச' அமுக்கும் சுரம். அதை வாசிக்கும்போதே, சத்தமில்லாமல் காற்றை மட்டும் வெளியே விடும் காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தித் துருத்தியைச் சுருக்கிக்கொள்ளலாம். சுருக்கிவிட்டு மீதியை இழுக்கலாம். சரியாகத்தான் இருப்பதாகத் தோன்றியது. வீட்டில் மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"நல்லா இருக்குங்க," என்றாள். "ரெண்டு பாட்டா?"

அண்ணன் அதுகூடச் சொல்லவில்லை. மப்ளருக்குள் முகத்தைப் புதைத்துக் கேட்டுவிட்டு, ஏலத்தில் அழுகல் மூட்டையைத் தள்ளிவைக்கும் சைகையைக் காட்டினார்.

"அங்க ஏன்டா நிறுத்தின?"

"நிறுத்தலைண்ணே. ஒரு ச போட்டேன். காத்து வேணும்ல."

"வீடு வந்து சேந்த மாதிரி இருக்கு. படகு நின்னுபோச்சு. மறுபடி பின்னால போயிடும். ஒரே மூச்சுன்னா ஒரே மூச்சு. இல்லேன்னா வாசிக்காத."

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. கல்யாணம் அந்த வாரக் கடைசியில். லிஃப்ட்காரர் வேலைக்குப் போன இடத்தில் ஏழாம் மாடிக்குப் போக வேண்டியவரை அடித்தளத்துக்கு அனுப்பினார். கடைசியில், என்ன ஆனாலும் சரி, காலில் விழுந்தாவது சம்மதம் வாங்குவது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்.

அண்ணி கதவைத் திறந்தார். "வாங்க தம்பி. உக்காருங்க. அவரு குளிக்கிறாரு. காலையிலேருந்து இது மூணாவது குளியல்."

லிஃப்ட்காரர் உட்காரவில்லை. குளியலறையிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. மண்டியே அடங்கும் அதே குரல். படகே, தூங்கிவிட்டாயா என்று தொடங்கி, மூன்றாவது வரியில் ஏறி, ஏறி, உச்சி தொட்டு இறங்கும் இடத்தில் முட்டிக்கொண்டு இருமியது. பிறகு சத்தமே இல்லை. பிறகு தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம்.

"அண்ணி, தொண்டை போச்சுன்னாரே?"

"தொண்டைக்கு என்ன கேடு? நேத்து சாப்பாட்டுல உப்பு கம்மின்னு சொன்னது தெரு முழுக்கக் கேட்டுச்சு. நீங்களே கேளுங்க. எங்கிட்டதான் எதுவும் சொல்ல மாட்டேங்கறாரே."

பெரியவர் வெளியே வந்தார். தலை முழுக்க ஈரம், மப்ளர் இல்லை, தம்பியைப் பார்த்ததும் அவசரமாகக் காற்றாகப் பேசப் பார்த்தார். பிறகு, இனிமேல் என்ன இருக்கிறது என்று தோன்றியதோ என்னவோ, துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பக்கெட்டுல தலைய விட்டு மூச்சுப் புடிச்சா நெஞ்சு விரியும்னு மண்டியில ஒருத்தன் சொன்னான்டா."

"விரிஞ்சுதா?"

"சளி புடிச்சுது."

தம்பி சிரிக்காமல் இருக்க அரும்பாடுபட்டார்.

"போன கல்யாணத்துலயே எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு," என்றார் பெரியவர். "நாற்காலி எங்க இருக்குன்னே தெரியல. தங்கச்சி நடந்து வரும்போது நடுவுல இருமிட்டு நின்னேன்னா? அதான் தொண்டை மேல பழியப் போட்டேன். பெட்டின்னா மூச்சு வாங்காதுன்னு நெனச்சேன்."

"அதுக்கும் வாங்குதுண்ணே. பாருங்க." லிஃப்ட்காரர் பெட்டியை மாட்டி வாசித்துக் காட்டினார். கைகள் விரிந்தன, துருத்தி திறந்தது, அதே உச்சிக்கு அந்தப் பக்கம், அதே இறக்கத்தில், பெட்டி முனகி நின்றது.

பெரியவர் பெட்டியை ஒரு பங்காளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இதுக்கும் அங்கயேதான் முட்டுதா?" என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி. அண்ணி உள்ளே போய்க் காபி போட்டார்.

காபி குடித்ததும் ஏலக்காரருக்குத் தொழில்புத்தி திரும்பியது. "டேய், ஏலத்துல நான் எங்க மூச்சு வாங்குவேன் தெரியுமா?"

"நீங்க மூச்சு வாங்கிப் பாத்ததே இல்லையே."

"அதான் விஷயம். பேச்சு முடியற இடத்துல வாங்கினா எவனாவது உள்ள புகுந்துடுவான். பெரிய விலை ஒண்ணைச் சொன்னதும் வாங்கணும். சொன்ன உடனே எல்லாரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பான். என்னை எவனும் பாக்க மாட்டான். நீ போய் இறக்கத்துல வாங்கற. அங்கதான் எல்லாரும் காத்துகிட்டு இருக்கான். உச்சியைத் தொட்ட உடனே வாங்கு. காது இன்னும் மேலயே நிக்கும்."

லிஃப்ட்காரர் யோசித்தார். உச்சி என்பது 'நி'. அதைத் தொட்டதும் வீடு போய்ச் சேரும் 'ச' வேண்டாம். 'ப' வைத்துப் பார்க்கலாம். அதுவும் அமுக்கும் சுரம்தான், ஆனால் யாரையும் வீட்டில் கொண்டுபோய் விடாது. உச்சியைத் தொட்டார், கண் சிமிட்டுவதுபோல் இரண்டு ப, கட்டைவிரல் காற்றுப் பொத்தானில், துருத்தி சுருங்கியது. இழுத்தார். வளைவு முடியும்வரை காற்று இருந்தது. முடிந்த பிறகும் கொஞ்சம் இருந்தது.

பெரியவர் கூடவே பாடிப் பார்த்தார். உச்சியில் ஒரு துளி மூச்சு, அவ்வளவுதான். முகம் தன் சொந்த நிறத்திலேயே இருந்தது. "அடப்பாவி," என்றார் மெதுவாக. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை, அப்பாவையாகவும் இருக்கலாம்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தின் பெரிய கூடத்தில். தங்கை கண்ணாடி போட்டுக்கொண்டு, புதுச் செருப்பு கடிக்க, வாசலில் வந்து நின்றாள். முன்வாசலில். தம்பி பெட்டியைத் திறந்தார், அண்ணன் வாயைத் திறந்தார். மூன்றாவது வரி தொடங்கியதும் உறவுக்கூட்டம் வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டது. உச்சி வந்தது, போனது, வளைவு முடிந்தது. சித்தப்பா மட்டும் கடைசிவரை பிடித்திருந்து, சித்தி முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் விட்டார். "ஒரே மூச்சு," என்றார் கண்ணில் நீரோடு. "அவங்க அப்பன் மாதிரியே."

பாட்டு முடிந்துவிட்டது. தங்கையோ செருப்புக் கடியில் கூடத்தில் கால்வாசிகூட வரவில்லை. முன்பெல்லாம் அதோடு சரி. பாடியவர் நாற்காலியில் விழுந்திருப்பார், மணப்பெண் மீதித் தூரத்தைத் தன் செருப்புச் சத்தத்தோடு நடந்து முடிப்பாள். அவளும் அதையே எதிர்பார்த்து அண்ணன்மாரைப் பார்த்தாள். அண்ணன்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டியில் காற்று இருந்தது. ஏலக்காரரிடமும் இருந்தது.

மறுபடி முதல் வரியிலிருந்து எடுத்தார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நின்றாள். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, வேகமாக வருவாள் என்று பார்த்தால், பக்கத்து வரிசையில் இருந்த அத்தையிடம் போய் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினாள். அடுத்த வரிசையில் அண்ணி. அதற்கடுத்து, யாரென்றே தெரியாத மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர். அவருடைய கண்ணாடியின் காம்பைத் திருத்திக் கொடுத்தாள். கட்டில் கடைக்காரர் மேசையருகே சிரித்தபடி நின்றிருந்தார். பதிவு அதிகாரி பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நாலாவது தடவைடா," என்றார் பெரியவர், இரண்டு வரிக்கு நடுவே.

"வாசிக்கறேண்ணே," என்றார் லிஃப்ட்காரர். "அவ வரட்டும். மெதுவா வரட்டும்."