வெள்ளை வேட்டியில் ஒரு ஸ்பிரிங்

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம். கப்பல் கிரேனில் பளுவைத் தூக்கும், எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் விஞ்ச் மோட்டாரைப் பிரித்தால், கழற்றும் வரிசையிலேயே எல்லாவற்றையும் ஒரு வெள்ளை வேட்டியில் பரப்ப வேண்டும். திரும்பப் பூட்டி முடிக்கையில் வேட்டி காலியாக இருக்க வேண்டும். சட்டம் போட்டவன் நான்தான். என்னோடு வேலை பார்க்கும் மச்சினன், என் மனைவியின் தம்பி, ஒருமுறை வால்வைப் பூட்டிவிட்டு ஒரு வாஷரை மிச்சம் வைத்தான். "வாயில போட்டு முழுங்குலே!" என்று பத்துப் பேர் முன்னால் கத்தினேன். அதன்பின் அவன் பெயரே எனக்கு வாஷர்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அன்று துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றின் மோட்டார் வந்திருந்தது. அது திரும்பிப் போனால்தான் கிரேன் ஓடும், சரக்கு இறங்கும். சாயங்காலத்துக்குள் தருவதாகச் சொல்லியிருந்தேன். தேய்ந்த பிஸ்டன்களை மாற்றி, ரப்பர் சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, மதியமே மூடிவிட்டேன். வேட்டியை மடிக்கத் திரும்பினால், நட்டநடுவில் ஒரு குட்டி ஸ்பிரிங்.

பழைய மாடல் மோட்டார், உள்ளே இப்படி ஒன்று இருந்ததா இல்லையா என்று எனக்கே சந்தேகம். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆமாம், போட்டுக்கொண்டேன். அப்படியே அனுப்பிவிடத்தான் நினைத்தேன். ஆனால் கொக்கிக்குக் கீழே, கப்பலின் சரக்கு அறையில் ஆட்கள் நிற்பார்களே! மனசு கேட்கவில்லை.

"ஏலே வாஷர், போயி வடை வாங்கிட்டு வா" என்று மச்சினனை விரட்டினேன். எப்போதும் முறைப்பவன் அன்று துள்ளிக்கொண்டு போனான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒற்றை ஆளாக எல்லாப் போல்ட்டையும் கழற்றினேன். உள்ளே எந்த ஸ்பிரிங்கும் குறையவில்லை. ஆனால் மோட்டாரின் சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் சீல் தலைகீழாக உட்கார்ந்திருந்தது. நான், என் கையால், போட்டது. கிரேன் பளுவைத் தூக்கியதும் எண்ணெய் பீய்ச்சியடித்து, கப்பல் தளத்தில் என் மானமும் சேர்ந்து வழிந்திருக்கும். சட்டென்று அதைப் பிடுங்கி, வேறு புது சீலை ஒழுங்காகப் போட்டேன்.

கடைசிப் போல்ட்டை முறுக்கும்போது அவன் வடையோடு வந்தான். வியர்த்துக் கிடந்த என்னைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அத்தான், அது டார்ச் லைட் ஸ்பிரிங்கு! நாந்தான் வேட்டியில போட்டேன். இனி வாஷர்னு கூப்பிடுவியளா?"

"போலே எடுபட்ட பயலே" என்று திட்டினேன். உள்ளுக்குள் அவன் காலில் விழலாம் போலிருந்தது.

கல்யாண வீடு, சடங்கு வீடு என்று ஒன்று விடாமல் இந்தக் கதையைச் சொல்லுகிறான். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வாஷர் என்று கூப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டேன். பிடுங்கிய அந்த சீல் என் டூல் பெட்டியின் அடியில் துணி சுற்றிக் கிடக்கிறது. அவனிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால் எனக்கு என்ன பெயர் வைப்பான் என்று தெரியும்.