ஓட்டக்காரிக்காக ஒரு ஸ்தோத்திரம்

எங்கள் வீட்டில் தியேட்டருக்குப் போவது பெரிய பாவம். பொய், களவு எல்லாம் அதற்குப் பிறகுதான். அதே படம் டி.வி.யில் வந்தால் பெரியப்பாகூடப் பத்திரிகைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். அது பாவத்தில் சேராது. டிக்கெட் எடுத்து இருட்டில் போய் உட்கார்ந்து பார்த்தால் சேர்ந்துவிடும். ஒன்பது வயதிலேயே இந்தச் சட்டமெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால்தான் அன்றைக்கு மார்த்தாண்டத்தில் ஷூ வாங்கி முடித்ததும் அத்தை என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போகாமல் தியேட்டர் வாசலில் கொண்டு நிறுத்தியபோது எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. நாங்கள் உள்ளே இருக்கும் நேரமாகப் பார்த்து ஆண்டவருடைய இரண்டாம் வருகை நடந்துவிட்டால் என்ன செய்வது? ஓய்வுநாள் பள்ளியில் அப்படித்தான் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பெரியப்பாதான் மூத்தவர், தகப்பன் இல்லாத வீட்டில் அத்தையை வளர்த்து ஆளாக்கியவரும் அவரே. எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரியப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். வீட்டிலும் அவர்தான் கமிட்டி.

அத்தைக்கு எண்ணூறு மீட்டர் ஓட்டம். காலேஜில் ஓடி வாங்கிய கோப்பைகள் பீரோவின் மேல் தூசி படிந்து நின்றன. விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் உள்ள ரப்பர் விளையில் மரங்களுக்கு நடுவே ஓடுவாள். நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து அப்பாவின் பழைய போனில் நேரம் பார்த்துச் சொல்வேன். மரத்தில் பால் வெட்ட வந்தவர்கள் கத்தியும் கையுமாக ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். அத்தைக்கு பி.டி. டீச்சர் ஆக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அந்தப் படிப்புக்கு மதுரையில் ஒரு கல்லூரியிலிருந்து ஓடிக் காட்ட வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. வயசுப் பெண்ணை ஹாஸ்டலில் விட்டு, அதுவும் ஓடுவதற்குப் படிக்க வைப்பதா என்று பெரியப்பா இரண்டு மாதம் பிடிகொடுக்கவில்லை. அப்பா கூடவே நடந்து, கூடவே சாப்பிட்டு, கரைத்துக் கரைத்து ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். தன் சொல்லுக்கு மிஞ்சி ஒன்றும் நடக்கக்கூடாது என்பது மட்டும் பெரியப்பாவின் நிபந்தனை. மதுரைக்குப் போக ஷூ வேண்டும் என்று சொல்லித்தான் அன்று நாங்கள் கிளம்பியிருந்தோம்.

படம் ஒரு ஓட்டக்காரியைப் பற்றியது. நிஜமாகவே இருக்கிற ஒருத்தியின் கதை என்று முதலிலேயே எழுத்துப் போட்டார்கள். முதல் ஐந்து நிமிடம் நான் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு பாவம் செய்தாகிவிட்டது, பார்த்தால் என்ன என்று திறந்துவிட்டேன். மலைமேல் ஒரு ஊர். கல் உடைக்கிற அம்மா. அந்த அக்கா செருப்பில்லாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறாள். யாரோ கொடுத்த பெரிய ஷூவுக்குள் காகிதம் திணித்துக்கொண்டு ஓடி, நடுவில் விழுகிறாள். ஊரே சிரிக்கிறது. அவளுக்கு அடிமேல் அடி. எனக்கு மூக்கு ஒழுகியது. அத்தை அழவில்லை. அவளுக்கு வேறு கவலை. நடிக்கிற பெண் கையை வீசுகிற வீச்சில் மூச்சுப் போய்விடும் என்றும், முதல் சுற்றிலேயே முன்னால் போனால் கடைசியில் கால் வராது என்றும் என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். திரையில் ஓட்டம் வரும்போதெல்லாம் அவள் முட்டு ஆடியது.

இடைவேளையில் பப்ஸ் வாங்கித் தந்தாள். இனி அந்த அக்காவுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"இனி ஜெயிப்பா மக்கா. இடைவேளைக்குப் பிறகு எல்லாரும் ஜெயிப்பாவ."

அப்படியே நடந்தது. கடைசி ஓட்டத்தில் தியேட்டரே எழுந்து நின்று கை தட்டியது. அத்தையும் தட்டினாள். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நானும் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். எங்கள் வீட்டு முறை என்னவென்றால், வேதம் வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒரு காரியத்துக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சின்னவர்கள் முதலில், பெரியப்பா கடைசியில். "இந்த நாளுக்காக ஸ்தோத்திரம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. முந்தின வாரம் முழுக்க நான் அதையே சொல்லி, ஆண்டவருக்கே அலுத்துப்போகும் என்று பெரியப்பாவிடம் வசவு வாங்கியிருந்தேன். இன்றைக்கோ என்னிடம் சொல்ல இவ்வளவு பெரிய விஷயம் இருந்தது. அத்தை மனிதர்களிடம்தானே சொல்லக்கூடாது என்றாள்? எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நானும் மூடிக்கொண்டு, உள்ளம் உருகி, சத்தமாகவே சொன்னேன்.

"அன்புள்ள ஆண்டவரே, இன்றைக்குப் படத்தில் அந்த அக்கா கடைசி ரவுண்டில் ஓடி ஜெயிக்க உதவி செய்தீரே, ஸ்தோத்திரம். அவர்களுடைய அம்மாவையும் ஆசீர்வதியும்."

ஜெபத்தை யாரும் நடுவில் நிறுத்த மாட்டார்கள். அடுத்த முறை அத்தையுடையது. அவள் இந்த நாளுக்காக ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னாள். அம்மா சொன்னாள், அப்பா சொன்னார், பெரியப்பா முடித்தார். ஆமென் சொல்லி எல்லாரும் எழுந்த பிறகுதான் அவர் அத்தையைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்துகிறவர்களின் கோபம் காப்பி குடிப்பதற்குள் ஆறிவிடும்.

"சினிமாவ விடு. ஷூ வாங்கப் போறேன்னு எனக்க மொகத்தப் பாத்துச் சொன்னியே."

"வாங்கினேன் அண்ணே."

"வாங்கினே. மீதியயும் சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியளா?"

அந்தக் கேள்விதான் வினையாகப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு சினிமாவுக்காகப் பொய் சொல்கிற பெண்ணை அவ்வளவு தூரத்தில் ஹாஸ்டலில் எதை நம்பி விடுவது என்று அப்பாவிடம்தான் கேட்டார், அத்தையிடம் பேசவில்லை. "மதுரைக்குப் போகாண்டாம்" என்ற ஒரு சொல் மட்டும் அவளுக்கு. அப்பா சுவரில் தொங்கிய வேத வசன காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் ஆறட்டும், ஒரு வாரம் போகட்டும் என்று பிறகு அத்தையிடம் சொன்னார். மதுரைக்கு எட்டு நாள்தான் இருந்தது.

நான் கவலைப்படவில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது. அத்தைக்கும் கஷ்டம் வந்துவிட்டது அல்லவா? படத்தில் பார்த்ததுதானே? இப்போது நடப்பது முதல் பாதி. இதை அத்தையிடமே சொல்லித் தேற்றினேன். அவள் என் தலையைத் தடவிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

அடுத்த வருடம் தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து வளைகுடாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தை இப்போது வளைகுடாவில்தான் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றே இரண்டு மூன்று தடவை போன் போட்டிருக்கிறேன். பிள்ளைகளின் பரீட்சை, அங்கே கிடைக்கிற சாளை மீனின் ருசி என்று பேசிவிட்டு வைத்துவிட்டோம். என் ஒரு நாக்கால் ஒரு பெண்ணின் பிழைப்பே திசைமாறிப் போனது என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வாய் கூசுகிறது.

அந்த வருடம் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்த நாள் ஒரு சனிக்கிழமை. காலையிலேயே நான் அத்தையின் புது ஷூவை எடுத்து, ஒரு பையில் போட்டு, பின்வாசலுக்கு வெளியே வாழை மரத்து மூட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அத்தை வந்து மாட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான் பாக்கி. பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. போய்ப் பார்த்தால் அத்தை அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறாள். பெரியப்பா சபைக்குப் போயிருக்கிறார், அப்பா குளிக்கிறார், ஷூ வாழை மூட்டில் இருக்கிறது, இப்போதே கிளம்பினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"எடுத்து உள்ள வை மக்கா. மழை வரும்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். அந்த அக்காவாக இருந்தால் மதில் ஏறிச் சாடியிருப்பாள், நீங்கள் ஒரு பயந்தாங்கொள்ளி என்று அத்தை முகத்துக்கு நேரே சொன்னேன். திருவுகிற கை நின்றது. பிறகு வழக்கம்போல ஒரு பிடி தேங்காய்ப் பூ அள்ளி, சீனி தூவி, என் உள்ளங்கையில் வைத்தாள். கோபத்தோடேயே தின்றேன். அதன் பிறகு இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

ஒரு காரியத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த ஜெபத்துக்காக அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா முறைத்தார். அத்தை மட்டும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் சத்தியத்தைப் பற்றி, அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அவளே திட்டவில்லை என்றால் நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.