வாயை ஊதிக் காட்டியவர்

சிதம்பரத்தில், இதய எக்கோ பரிசோதனை அறையின் வாசலில், கடலூர்ப் பேருந்து நடத்துநர் ஒருவர் என்னருகே அமர்ந்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. பேச்சின் நடுவே முகமும் கழுத்தும் திடீரெனச் சிவக்கும். உடனே என் பக்கம் திரும்பி வாயை ஊதிக் காட்டுவார்.

“சாராயம் தொட்டதே இல்லம்மா. வீட்டுல நம்பல. கோயில்ல கயிறு கட்டி, இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியமே வாங்கிட்டா.”

சிவப்புக்குக் காரணம் குடலில் இருந்த கட்டி என்று பிறகுதான் தெரிந்ததாம். அது சுரந்த ஹார்மோன் இதய வால்வுகளையும் இறுக்கிவிட்டிருந்தது. மாதாமாதம் போட்ட ஊசி சிவப்பைச் சற்றே குறைத்தது, வால்வுகளைச் சரிசெய்யவில்லை. அவற்றை மாற்றும் அறுவை சிகிச்சையை அவர் இதயம் தாங்குமா என்பது அன்று தெரிந்துவிடும்.

“இப்போது மனைவி நம்புகிறாரா?” என்றேன்.

“நம்புறா. குடியா இருந்திருந்தா நிறுத்தியிருக்கலாமேன்னு அழுவுறா.”

அழைப்பு வந்தது, எழுந்து உள்ளே போனார்.