மூன்று தடவை கூப்பிட்டார்கள்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிட்டவர் எங்கள் மாமாதான் என்று கேலி செய்வேன், சிரிப்பார். இரண்டு வருடமாகச் சிரிப்பதில்லை.

கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகரக் கூடாது. அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. பழுது பார்க்கும்போது மட்டும் அந்த சுவிட்சை ஒரு துண்டு வயரால் ஏமாற்றி, கதவு திறந்திருக்கும்போதே ஓட்டிப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், அடுத்த இடத்திலிருந்து போன் மேல் போன். மாமா கழற்ற மறந்துவிட்டார். மறுநாள் துணி மூட்டையோடு ஏறப்போன இஸ்திரிக்காரம்மாவின் கை கதவில் இருக்கும்போதே லிஃப்ட் கிளம்பிவிட்டது. வலது கையில் மூன்று விரல் போயிற்று. கவனக்குறைவு என்று மாமா மேல் வழக்கு.

அந்த வழக்கில்தான் போன மாத வாய்தாவுக்கு அவர் ஆஜராகவில்லை. பிடிவாரண்ட் போட்டுவிட்டார்கள். போலீஸ்காரர் வீடு தேடி வந்த பிறகுதான் அக்காவுக்கே விஷயம் தெரியும்.

"எங்க போனாருன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறாருடா. நீ வந்து கேளு" என்று போனில் அழுதாள்.

போய்க் குடைந்து குடைந்து கேட்டேன். பதில் வந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று மாமா கோர்ட் கட்டிடத்திலேயேதான் இருந்திருக்கிறார்! அங்கே லிஃப்ட் நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது இவருடைய கம்பெனி. "அங்கதானே இருக்கே, ஒரு எட்டு பாத்துடு" என்று மேனேஜர் போன் செய்ய, இவர் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கிவிட்டார்.

"இது போதும் மாமா! கோர்ட் லிஃப்டையே சரி பண்ணின ஆள உள்ள போட எந்த நீதிபதிக்கு மனசு வரும்?" என்றேன்.

வக்கீலும் குஷியாகிவிட்டார். வாரண்டை ரத்து செய்யாவிட்டால் அன்றைக்கே ஜெயில்தான் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தவர் அவர். குழிக்குள் இருந்ததால் மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டும் காதில் விழவில்லை என்று மனு எழுதினார். மாமா படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நீதிபதி மனுவைப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"உள்ள இருந்தா ஒண்ணுமே கேக்காதா?"

தலையை ஆட்டினால் போதும். மாமா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுச்சுங்க ஐயா. மூணு தடவையும் கேட்டுச்சு."

பாழாய்ப்போன மனுஷன், கெடுத்தாரே காரியத்தை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வக்கீல் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"அப்புறம் ஏன் வரல?"

"அந்தம்மா எதிர்லயே உக்காந்திருப்பாங்க. கையத் துணிக்குள்ள மறைச்சிருப்பாங்க. அதப் பாக்கற தைரியம் இல்லைங்க. குழியே தேவலாம்னு இருந்துட்டேன். தப்புதாங்க."

நீதிபதி முதலில் வக்கீலை ஒரு பிடி பிடித்தார். பிறகு வாரண்டை ரத்து செய்தார். இனி ஒரு வாய்தா தவறினாலும் ஜாமீன் கிடையாது என்று எச்சரித்து அனுப்பினார்.

வெளியே தாழ்வாரத்தில் இஸ்திரிக்காரம்மா நின்றிருந்தார். மாமா தலை நிமிரவில்லை.

"நீங்க குழியில எறங்கினத நான் பாத்தேங்க" என்றார் அந்த அம்மா.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா, வாரண்டே வந்திருக்காதே" என்றேன் நான், முந்திரிக்கொட்டை மாதிரி.

"சொல்லத்தான் எந்திரிச்சேன். சொன்னா பாதி வேலையில ஓடி வருவாரு. அவசரத்துல எதையாவது மறந்துட்டாருன்னா? எத்தனை பேர் ஏறி எறங்கற எடம். அதான் உக்காந்துட்டேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் படிக்கட்டைப் பார்த்து நடந்தார். மாமா அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். வாரண்ட் ரத்தான காகிதத்தை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.